ஸ்பீக்கர் வடிவமைப்பு மென்பொருள்கள்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஆறு ஆண்டுகளில் நான்கு ஜோடி ஸ்பீக்கர்களை வீட்டிலேயே கட்டியிருக்கிறேன். முதல் ஜோடிக்கு, பெட்டியைக் கணக்கிடும் மென்பொருளான வின்ஐஎஸ்டி ஒன்றே போதும் என்று நம்பினேன். நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் வகுத்த, ஒலி எழுப்பும் டிரைவரின் இயல்பைச் சொல்லும் அளவுருக்களை உள்ளிட்டால், பெட்டியின் கொள்ளளவுக்கேற்ப பேஸ் எப்படி இறங்கும் என்பதை அது உடனே வரைந்து காட்டும். அளவுருக்களுள் ஒன்று மற்றொன்றோடு முரண்பட்டால் பதிவை ஏற்க மறுத்துவிடும் என்பதால், க்யூடிஎஸ் (டிரைவரின் அதிர்வு மொத்தமாக எவ்வளவு அடக்கப்படுகிறது என்பதன் அளவு) மதிப்பை நாமே தட்டாமல், அதன் மின், இயந்திரப் பகுதிகளான க்யூஇஎஸ், க்யூஎம்எஸ் இரண்டையும் கொடுத்து அதையே கணக்கிட விடுவது நல்லது.

அந்த மென்பொருளில் நான் இன்றும் முதலில் திறப்பது, பெட்டியின் காற்றுத் துளையான போர்ட் குழாயில் காற்று ஓடும் வேகத்தைக் காட்டும் வரைபடத்தைத்தான். ஆறரை அங்குல ஊஃபருக்கு (தாழ்ந்த ஒலிகளுக்கான டிரைவர்) 20 லிட்டர் பெட்டி, 40 ஹெர்ட்ஸ் டியூனிங் (போர்ட் ஒத்ததிரும் அதிர்வெண்) என்று வைத்து, 5 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாயைக் கொடுத்தேன். நீளம் 15 செ.மீ.க்குள் அடங்கியது, ஆனால் 30 வாட்டிலேயே காற்றின் வேகம் விநாடிக்கு 17 மீட்டர் என்ற, காற்றிரைச்சலைத் தவிர்ப்பதற்கான வழக்கமான வரம்பைத் தாண்டியது. விட்டத்தை 7.5 செ.மீ. ஆக்கியதும் வேகம் தணிந்தது, நீளமோ 36 செ.மீ. ஆனது. 28 செ.மீ. ஆழப் பெட்டிக்குள் அதை எல்போ போட்டு மடக்கித்தான் வைக்க முடிந்தது. பலகையை அறுத்த பிறகு இது தெரிந்திருந்தால் தச்சர் என்னைத் திட்டியிருப்பார்.

ஆனால் ஒலியை ஊஃபருக்கும், உச்ச ஒலிகளுக்கான ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றை வடிவமைக்க வின்ஐஎஸ்டி உதவாது. அதற்கான எக்ஸ்சிம் எளிமையானது, கபாசிட்டர் மதிப்பை மாற்ற மாற்றக் கோடு நகர்வதைப் பார்த்தே நிறையக் கற்றேன். அதிலும் தவறியது நான்தான். ஊஃபரின் ஒலிமையம் (ஒலி புறப்படுவதாகத் தோன்றும் புள்ளி) ட்வீட்டருடையதைவிட 3 செ.மீ. பின்னால் இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. 2,500 ஹெர்ட்ஸில் அலைநீளமே ஏறத்தாழ 13.7 செ.மீ. என்பதால், அந்த 3 செ.மீ. கிட்டத்தட்ட 80 டிகிரி ஃபேஸ் (அலைகளின் கட்ட) வேறுபாடாக மாறி, திரையில் சமதளமாக இருந்த கோட்டைக் கூடத்தில் பள்ளமாக்கியது.

அதன் பின்னரே விட்டூயிக்ஸ்கேட் என்ற வடிவமைப்பு மென்பொருளுக்கு மாறினேன். பின்லாந்துக்காரரான கிம்மோ சௌனிஸ்டோ உருவாக்கிய இது, சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம். ஸ்பீக்கருக்கு நேரெதிரில் அளந்த கோடு மட்டுமல்லாமல், பக்கவாட்டில் 10 டிகிரிக்கு ஒன்றாக அளந்த கோடுகளையும் சேர்த்து, அறைக்குள் மொத்தமாகப் பரவும் ஒலியாற்றலையும் கணக்கிடுகிறது. குரல்கள் இயல்பாக ஒலிப்பதற்கு இந்தக் கோடுதான் எனக்கு வழிகாட்டியது. கற்றுக்கொள்ள இரண்டு மாதம் பிடித்தது. பட்டன்கள் நெருக்கமாக இருக்கும், உதவிக் குறிப்புகள் சுருக்கமாக இருக்கும்.

எந்த மென்பொருளும் அளவீட்டுக்கு ஈடாகாது. தரவுத்தாளில் 42 ஹெர்ட்ஸ் என்றிருந்த ஓர் ஊஃபரின் ஒத்ததிர்வு, புதிதாக அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் அளந்தபோது 53 ஹெர்ட்ஸாக இருந்தது. இம்பிடன்ஸையும் (மின்தடுப்பு) ஒலியழுத்தத்தையும் இலவச அளவீட்டு மென்பொருளான ரூம் இக்யூ விஸார்டிலேயே எடுக்கிறேன். யூஎஸ்பி மைக்கைவிட, இரண்டு உள்ளீடுள்ள ஆடியோ இன்டர்ஃபேஸில் ஒன்றில் மைக்கை இணைத்து, மற்றொன்றை நேரக் குறிப்புக்கு (ஒலி புறப்பட்ட நேரத்தை அறிய) ஒதுக்குவதே மேல். ஃபேஸ் தகவல் நம்பகமாக வரும். ஹார்ன் பெட்டி (புனல்போல் விரியும் வாயுள்ள பெட்டி) கட்டுவோருக்கு ஹார்ன்ரெஸ்ப் என்ற மென்பொருள் இருக்கிறது. எனக்கு அதில் பழக்கம் குறைவு.

விட்டூயிக்ஸ்கேட் விண்டோஸுக்கானது என்பதால், பழைய லேப்டாப் ஒன்றை அதற்காகவே பட்டறை மேசையில் வைத்திருக்கிறேன்.