ஷிஃபான் ஷாலா, ஜெர்சி ஷாலா?

ஹிஜாபாகத் தலையில் கட்டிக்கொண்டு நிக்காஹ் (திருமண) வீட்டுக்குப் போக ஷிஃபான் ஷால்தான் அழகு. சுமார் 180 செ.மீ. நீளமுள்ள ஷாலை நெஞ்சு மறைய விரித்துவிட்டால், மடிப்பு மடிப்பாக அப்படியே வழிந்து நிற்கும். ஆனால் துணி மெல்லியது, முடி தெரியும். அதனால் உள்ளே தொப்பி கட்டாயம். வழுவழுப்பு வேறு. தாடைக்குக் கீழ் ஒன்று, தோளில் ஒன்று என்று பின் குத்தினாலும், சாப்பாட்டுப் பந்தியில் குனிந்து நிமிர்வதற்குள் நெற்றியிலிருந்து நழுவிவிடும். பெரும்பாலும் பாலியஸ்டர் என்பதால் சென்னை மே மாத வெயிலில் காதோரம் வேர்த்து ஊற்றும்.

தினசரி அலுவலகத்துக்கு என் ஓட்டு ஜெர்சி என்ற பின்னல் துணிக்குத்தான், அதுவும் பருத்தி அல்லது மோடல் (மரக்கூழிலிருந்து எடுக்கும் மென்மையான இழை) கலந்ததாக இருந்தால். இழுத்தால் நீளும், தலையைப் பிடித்துக்கொள்ளும், இஸ்திரி தேவையில்லை. லுஹர் (மதிய) தொழுகைக்கு உளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவித் தலையைத் தடவுவது) செய்ய அவிழ்த்தாலும் ஒரே நிமிடத்தில் மறுபடி கட்டிவிடலாம். பின் மட்டும் வேண்டாம், துணி ஓட்டையாகும். காந்தப் பொத்தான் போதும். ஒரு குறை: கழுத்தை ஒட்டி இறுக்கிக் கட்டினால் உடல்வடிவம் தெரியும். கொஞ்சம் தளர்த்தி, ஒரு முனையை முன்னால் தொங்கவிடுங்கள்.

முதல் ஷால் வாங்குகிறீர்களா? சாம்பல் நிற ஜெர்சி ஒன்று எடுங்கள். ஷிஃபான் அப்புறம் பார்க்கலாம்.