பெயிண்ட் அடித்த இடிபாட்டுக் கட்டடங்களை ஆர்டர் செய்பவர்கள் கவனத்துக்கு

இரண்டாம் உலகப்போரின் ஸ்டாலின்கிராட் சண்டையை மேசை விளையாட்டாக ஆடுவதற்காக, 28 மி.மீ. மினியேச்சர் பொம்மைச் சிப்பாய்களுக்குப் பொருந்தும் இடிந்த கட்டடங்கள் ஐந்தைச் செய்து, பெயிண்ட் அடித்தே தருவதாகச் சொன்ன ஒருவரிடம் எங்கள் குழு ஆர்டர் கொடுத்தது. முழுப் பணத்தையும் முன்பே வாங்கிக்கொண்டு அவர் அனுப்பிய ஐந்தில் ஒன்றைக்கூட அப்படியே மேசையில் வைக்க முடியாது. பெயர் வேண்டாம். இதே வேலையை இன்னொருவரும் செய்யலாம். அதனால் என்னென்ன கோளாறு, அது எதனால் வருகிறது, பணம் கொடுக்கும் முன் எப்படிப் பிடிப்பது என்பதை மட்டும் எழுதுகிறோம்.

பேசியது இது: எக்ஸ்பிஎஸ் ஃபோமில் (தெர்மாகோலைவிட அடர்த்தியான பாலிஸ்டைரீன் பலகை) சுவர், மரநாரை அழுத்திச் செய்த 3 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் அடித்தளம், செங்கலுக்கு மூன்று நிறம், உதிர்ந்த காரை, ஜன்னல்களுக்கு மேல் புகைக்கரி, கடைசியாகப் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். காட்டிய படங்கள் அருமை. ஆனால் எல்லாமே முன்பக்கப் படங்கள். சுவரின் உட்புறமோ அடித்தளத்தின் கீழ்ப்பக்கமோ ஒன்றில்கூட இல்லை.

பெட்டியைத் திறந்ததும் கண்ணில் பட்டது சுவர் முழுக்கக் குழிகள். கேட்டதற்கு, "அது குண்டு பட்ட எஃபெக்ட்" என்று பதில் வந்தது. இந்தப் பதிலை யாரும் நம்ப வேண்டாம். ஸ்ப்ரே கேனில் உள்ள கரைப்பான் பாலிஸ்டைரீன் ஃபோமைக் கரைத்துவிடும். தெர்மாகோலுக்கும் எக்ஸ்பிஎஸ்ஸுக்கும் இதில் வித்தியாசம் கிடையாது. முதலில் பிரஷ்ஷால் ஒரு காப்புப் பூச்சு கொடுத்து ஃபோமை முழுக்க மூடிய பிறகுதான் ஸ்ப்ரே அதன் பக்கத்திலேயே வரலாம். அந்தப் பூச்சு இல்லாவிட்டாலோ மெல்லிசாக இருந்தாலோ, ஜன்னல் மூலை, உடைந்த விளிம்பு, தளத்தின் அடிப்பக்கம் என்று பிரஷ் சரியாகப் போகாத இடங்களில் முதலில் அரிக்கும். வித்தியாசம் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். கத்தியாலோ கையாலோ உடைத்த ஃபோமில் விளிம்பு கூராக, சொரசொரப்பாக இருக்கும். கரைந்த குழியின் உட்புறம் வழவழவென்று உருண்டு, சுற்றிலும் சின்னச் சின்னத் துளைகளோடு இருக்கும். எங்களுக்கு வந்த ஒரு சுவரில், ஜன்னல் அடிக்கட்டை பாதி உருகி உள்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. குண்டு பட்டால் அப்படி ஆகாது.

அடுத்தது பெயிண்ட் ஒட்டாதது. விரலால் தேய்த்தால் சாம்பல் நிறப் பொடி வருகிறது. மாஸ்கிங் டேப்பை லேசாக அழுத்தி எடுத்தால் செங்கல் நிறம் அப்படியே டேப்போடு வந்துவிடுகிறது. இதற்குப் பொதுவாக இரண்டு காரணம். ஸ்ப்ரேயை அதிக தூரத்தில் பிடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து பொடியாகப் போய் விழும். 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் சரி. வெட்டிய தூசியைத் துடைக்காமல் அடித்தால் பெயிண்ட் தூசியின் மேல்தான் ஒட்டும், சுவரின் மேல் ஒட்டாது. நிறப்பொடி தூவியதையும் எதுவும் போட்டு நிலைநிறுத்தவில்லை. ஆடும்போது ஒவ்வொரு முறை கட்டடத்தைத் தூக்கினாலும் கொஞ்சம் நிறம் கையோடு போகும்.

வார்னிஷில் வெள்ளைப் படலமும் இருந்தது. ஈரப்பதம் அதிகமான நாளில் மேட் ஸ்ப்ரே அடித்தால் இப்படித்தான் பூத்துப்போகும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் மழைக்கால மாலையில் ஸ்ப்ரே கேனைத் தொடவே கூடாது. "தூசி படிந்த மாதிரி இருக்கட்டும் என்று செய்தேன்" என்றார் விற்றவர். தூசி தட்டையான பரப்பில்தான் தங்கும். இங்கே செங்குத்துச் சுவரிலும் ஜன்னல் சட்டத்தின் அடியிலும் ஒரே அளவில் வெள்ளை இருக்கிறது.

அளவும் தப்பு. 28 மி.மீ. இரண்டாம் உலகப்போர் மினியேச்சர்களுக்கு 1:56 (நிஜ அளவில் 56-இல் ஒரு பங்கு) என்ற கணக்கு பரவலாக வழக்கத்தில் இருக்கிறது. 250 × 120 × 65 மி.மீ. செங்கல் அந்தக் கணக்கில் ஏறக்குறைய 4.5 மி.மீ. நீளம், 1.2 மி.மீ. உயரம் வரும். கையால் கீறும்போது 6 மி.மீ. வரை போனால் பரவாயில்லை, கண் ஏற்றுக்கொள்ளும். வந்தவை 9 மி.மீ.க்கு மேல், அதாவது அரை மீட்டர் நீளச் செங்கல். மாடித் தளத்தின் அகலம் 20 மி.மீ.தான்; சிப்பாய்களின் வட்ட அடித்தட்டோ 25 மி.மீ. இருக்கிறது. மாடியில் ஆளை நிறுத்தவே முடியாவிட்டால் அந்த மாடி எதற்கு?

எங்களுக்கு அதிகம் வலித்தது நிறம்தான். ஐந்துக்கும் கறுப்பு ஸ்ப்ரே, அதன் மேல் ஒரு சாம்பல் ட்ரை பிரஷ் (பெயிண்டைப் பெரும்பாலும் துடைத்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது), ஓரத்தில் பெயருக்குக் கொஞ்சம் செம்மண் நிறம். மூன்று நிறம் என்று பேசியது போயே போச்சு. 1942 ஆகஸ்ட் 23 அன்று தொடங்கிய விமானக் குண்டுவீச்சில் ஸ்டாலின்கிராட் நகரம் எரிந்தது. மரத் தளமும் கூரையும் எரிந்துபோய்ச் செங்கல் சுவர் மட்டும் நின்ற கட்டடங்கள் ஏராளம். இதைத் தெரிந்தவர் உத்தரம் செருகிய பொந்துகளில் கரியைக் காட்டுவார். ஜன்னலின் மேல் விளிம்பிலிருந்து கரியை மேல்நோக்கி விசிறி போல மங்கவிடுவார், ஏனென்றால் நெருப்பு உள்ளேயிருந்து வெளியே வந்து மேலே ஏறுகிறது. எங்களுக்கு வந்ததில் கரி ஜன்னலுக்குக் கீழே வழிந்திருக்கிறது. செங்கல் உடைந்த இடம் சுவரின் மேற்பரப்பைவிடப் பளிச்சென்று இருக்க வேண்டும்; இங்கே அதுவும் ஒரே சாம்பல். அந்த நகரத்தின் தானியக் கிடங்கு கான்கிரீட், குடியிருப்புகள் செங்கலும் காரையும். இரண்டையும் ஒரே நிறத்தில் அடித்தால் அது எந்த ஊராகவும் இருக்கலாம்.

அடித்தளம் வளைந்து ஆடுகிறது. எம்டிஎஃப் பலகையில் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் கலந்த பசையும் மணலும் போட்டால், ஈரம் ஏறி இறங்கும்போது பலகை வளையும். அடிப்பக்கத்திலும் ஒரு பூச்சு கொடுத்திருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம். மணலின் மேல் பசைப்பூச்சு இல்லாததால் அதுவும் உதிர்கிறது.

புகார் சொன்னதும் "கூரியரில் அடிபட்டிருக்கும்" என்றார். அடிபட்டால் உடையும், நசுங்கும். ஃபோம் கரையாது, வார்னிஷ் பூக்காது. கடைசியில் அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி தருவதாகச் சொல்லிவிட்டு பதில் போடுவதையே நிறுத்திவிட்டார்.

இனி ஆர்டர் கொடுப்பவர்கள் கேட்க வேண்டிய முக்கியமான படம், பெயிண்ட் அடிக்கும் முன் காப்புப் பூச்சோடு நிற்கும் கட்டடத்தின் படம். முடித்த படத்தில் எல்லாவற்றையும் மறைக்கலாம், இதில் மறைக்க முடியாது. அதில் பக்கத்தில் ஸ்கேல் வைக்கச் சொல்லுங்கள். ஃபோமின் இளஞ்சிவப்போ நீலமோ எங்காவது தெரிகிறதா என்று மூலைகளைப் பாருங்கள். 25 மி.மீ. அடித்தட்டு ஒன்று மாடியில் நிற்கும் படமும் வேண்டும். விளம்பரப் படங்களை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பார்த்துவிடுங்கள், இன்னொருவருடைய வேலையாக இருக்கலாம். பொருள் செலவுக்கு மட்டும் முன்பணம், காப்புப் பூச்சுப் படம் வந்ததும் ஒரு பங்கு, மீதி முடித்த பொருளின் வீடியோவைப் பார்த்த பிறகு. டேப் ஒட்டி எடுப்பதை அந்த வீடியோவிலேயே காட்டச் சொல்லலாம். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். பெட்டியைப் பிரிக்கும்போது இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்து வையுங்கள். இந்தியாவுக்குள் வாங்கியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம்; அதற்கு உரையாடலும் பணம் அனுப்பிய ரசீதும் கையில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே இப்படி ஒன்று வந்து சேர்ந்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம். பழைய டூத் பிரஷ்ஷால் உதிர்வதையெல்லாம் உதிர்த்துவிடுங்கள். கரைந்த குழிகளைச் சுவர்ப் பட்டியில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பிறகு ஃபெவிகாலும் கறுப்பு அக்ரிலிக்கும் சம அளவு, பிரஷ் ஓடும் அளவுக்குத் தண்ணீர். இதை இரண்டு கோட் கொடுங்கள். ஒவ்வொன்றும் இரவு முழுக்கக் காயட்டும். மணலுக்கும் அடிப்பலகையின் கீழ்ப்பக்கத்துக்கும் இதே கலவைதான். இதற்கு மேல் எல்லாம் பிரஷ் வேலை, ஸ்ப்ரே வேண்டாம். செம்பழுப்பு அடிநிறம், அங்கங்கே ஐந்தில் ஒரு செங்கலுக்கு ஆரஞ்சோ கருஞ்சிவப்போ, மெல்லிய கரும்பழுப்பு வாஷ் (பள்ளங்களில் இறங்கும்படி நீர்க்கக் கலந்த பெயிண்ட்), அது முழுக்கக் காய்ந்த பிறகு வெளிர் ட்ரை பிரஷ். வாஷ் தேங்கும் இடத்தில் ஈரம் இருக்கும்போதே காய்ந்த பிரஷ்ஷால் ஒற்றி எடுத்துவிட்டால் வளையக் கறை விழாது. வார்னிஷ் மட்டும் பூத்திருந்து பெயிண்ட் நன்றாக ஒட்டியிருந்தால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை: ஒரு கோட் பளபளப்பு வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசினாலே பெரும்பாலும் வெள்ளை மறைந்துவிடும். அது காய்ந்ததும் மேட் வார்னிஷையும் பிரஷ்ஷாலேயே பூசுங்கள்.