வெளிவராத படத்தின் பிரதி கசிந்தால்: பெயர் பதிப்பதா, பூட்டுவதா, மறைகுறி வைப்பதா?

கோலாலம்பூரில் எடுக்கும் ஒரு தமிழ்ப் படம் திரைக்கு வருமுன் பல கை மாறிவிடும். பிரிக்பீல்ட்ஸில் எடிட்டிங், வேறெங்கோ ஒலிக்கலவை, சப்டைட்டில் போடுபவர், தொலைக்காட்சிக்காரர்களுக்கு ஒரு லிங்க், ஸ்பான்சருக்கு இன்னொன்று. படம் டெலிகிராமில் வந்துவிட்டால் இவர்களில் யாரைப் போய்க் கேட்பது?

செலவே இல்லாத வழி, பெறுபவரின் பெயரையும் மின்னஞ்சலையும் படத்தின் மேலேயே பதிப்பது. தன் பெயர் தெரியும் பிரதியை வெளியே விட யாரும் யோசிப்பார்கள். ஆனால் மூலையில் போட்டால் வெட்டிவிடலாம். நடுவில் போட்டால் பார்ப்பவருக்கு எரிச்சல். நிறம் திருத்துபவருக்குப் போகும் பிரதியில் சுத்தமாக ஒத்துவராது.

அடுத்தது டிஆர்எம் என்ற டிஜிட்டல் பூட்டு. வைட்வைன், ஃபேர்பிளே, பிளேரெடி மூன்றும் கோப்பைப் பூட்டி, அனுமதி பெற்ற கருவிக்கு மட்டும் சாவி தருகின்றன. கோப்பை அப்படியே இறக்கிக்கொள்வதைத் தடுக்க இது வேண்டும். ஆனால் டிவிக்கு எதிரே கைப்பேசியை நிறுத்திப் படம்பிடித்தால் டிஆர்எம் என்ன செய்யும்? எச்டிஎம்ஐ கம்பியில் போகும் படத்தைக் காக்கும் எச்டிசிபியின் தாய்ச்சாவியே 2010இல் வெளியாகிவிட்டது. கசிந்த பிறகு யாரிடமிருந்து என்றும் டிஆர்எம் சொல்லாது.

அதைச் சொல்வது தடய வாட்டர்மார்க் என்ற மறைகுறி. கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றங்களைப் படத்துக்குள் வைத்துவிடுவார்கள். அளவைச் சுருக்கினாலும், திரையைப் பார்த்துப் படம்பிடித்தாலும் பெரும்பாலும் மீட்டெடுக்கலாம். திரையரங்குகளுக்கு இது பழகிய சங்கதி. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து டிஜிட்டல் திரையரங்குகளுக்கு வகுத்த டிசிஐ விதிப்படி, ஓடும் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்குள்ளும் இடமும் நேரமும் 35 பிட்டில் பதிகின்றன.

இணையத்தில்தான் தேர்வு சிக்கலாகிறது. ஓடிடி தளங்கள் விரும்புவது ஏ/பி முறை. படத்தின் ஒவ்வொரு துண்டையும் இரண்டு விதமாகத் தயாரித்து, ஒவ்வொரு சந்தாதாரருக்கும் வேறு வேறு வரிசையில் அனுப்புவார்கள். ஒவ்வொரு துண்டும் ஏயா பியா என்பது ஒரு பிட்; துண்டு ஆறு விநாடி என்றால் நிமிடத்துக்கு 10 பிட், அதாவது 1,024 பேரைப் பிரித்தறியலாம். இரண்டு நிமிடத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. இரண்டு கணக்கிலிருந்து எடுத்த துண்டுகளைக் கலந்துவிட்டால்? அதற்கும் தாங்கும் குறியீட்டை 2003இல் கணிதவியலாளர் காபோர் டார்டோஸ் கொடுத்தார். ஆனால் கூட்டுச் சேர்பவர்கள் இரட்டித்தால் குறியீட்டின் நீளம் நான்கு மடங்காகும். இரண்டு மணி நேரப் படத்துக்குப் பரவாயில்லை. நேரலைப் பந்து ஆட்டத்தில் குறியைப் படித்து முடிப்பதற்குள் முதல் பாதி போய்விடும். அங்கே, பார்ப்பவரின் கருவியிலேயே குறியைச் சேர்க்கும் முறைதான் வேகம். ஆனால் அந்தச் செயலியை உடைத்தால் குறியும் போச்சு. ஏ/பியில் அந்தப் பயம் இல்லை, துண்டு சர்வரிலேயே தயாராகி வருகிறது. சேமிப்பிடம்தான் இரட்டிப்பாகும்.

நம்மூர்ச் சிறு தயாரிப்பாளருக்கு இந்த இரண்டும் அதிகப்படி. வெளியீட்டுக்கு முன் பிரதியைப் பார்ப்பவர் பத்துப் பதினைந்து பேர்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறி வைத்த பிரதியை முன்கூட்டியே தயாரித்து அனுப்பும் சேவை போதும் என்பேன். தயாரிக்க நேரம் பிடிக்கும், கடைசி நேரத்தில் எடிட்டை மாற்றினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்யவேண்டும். அதுதான் தலைவலி.

குறி காட்டுவது திருடனை அல்ல, பெற்றவரை. 2004இல் கார்மைன் கரிடி என்ற நடிகரை ஆஸ்கர் அகாதமி நீக்கியது, அவருக்கு அனுப்பிய பிரதிகளிலிருந்த குறி இணையப் பிரதியில் கிடைத்ததால்தான். இணையத்துக்குப் போனதோ அவர் கொடுத்த இன்னொருவர் வழியாக. மலேசியாவில் 2022 மார்ச் 18 முதல் நடப்பில் உள்ள காப்புரிமைத் திருத்தத்தில், கள்ள ஸ்ட்ரீமிங்குக்கு 10,000 முதல் 2,00,000 ரிங்கிட் வரை அபராதமோ, 20 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஆனால் "என் லிங்க்கை ஆபீஸில் எல்லோரும் பார்த்தார்கள்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் விசாரணை அங்கேயே நின்றுவிடும். அதனால் நிறுவனத்தின் பொது மின்னஞ்சலுக்கு லிங்க் அனுப்பாதீர்கள். ஆளுக்கு ஒன்று, பகிர்ந்தால் பொறுப்பு அவருடையது என்று எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகு.