செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பேட்டரியை மாற்றும் முன் எர்த் வயரைப் பார்க்கச் சொல்லுங்கள்

என்னுடையது எட்டு வருஷத்துப் பெட்ரோல் கார். போன மாதம் ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் ர்ர்... ர்ர்... என்று இழுத்து இழுத்துச் சுற்றியது. நாலாவது தடவைதான் ஸ்டார்ட் ஆனது.

பக்கத்தில் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். வோல்ட் பார்க்கும் மீட்டரைக் கையில்கூட எடுக்காமல், "பேட்டரி போச்சு சார்" என்றார் மேனேஜர். வாங்கி 14 மாதம்தான் ஆகிறது, வாரண்டி இருக்கிறது என்றேன். "அதுக்கு அனுப்பினா பத்து நாள் வண்டி நிக்கும்" என்றார். ஆபீஸ் போக வேண்டுமே என்று ஒத்துக்கொண்டேன். 5,400 ரூபாய். பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

ஐந்து நாள் நன்றாக ஓடியது, அப்புறம் மறுபடியும் அதே இழுவை. இந்தத் தடவை எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் செல்ஃப் மோட்டார் போச்சு என்றார்கள், 9,200. கழற்றிய மோட்டாரைக் கேட்டேன், தரவில்லை. மூன்றாவது தடவை ஈசிஎம், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், போயிருக்கலாம், 38,000 ஆகும் என்றதும் வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் வண்டிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். முதலில் அவர் மீட்டரைத்தான் எடுத்தார். வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட். என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். அப்போதும் 11-க்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி வீக்காக இருந்தால் 9.6-க்கும் கீழே விழுந்திருக்கும் என்றார். அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்து மறுபடி அடிக்கச் சொன்னார். 1.9 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே எர்த்தில், அதாவது பேட்டரி மைனஸை எஞ்சின் இரும்போடு சேர்க்கும் இணைப்பில், கோளாறு என்று அர்த்தமாம்.

கியர்பாக்ஸ் பக்கம் போல்ட்டைக் கழற்றி எர்த் வயரை என் கையில் கொடுத்தார். மேலே கறுப்பு உறை நன்றாகத்தான் இருந்தது. அதைக் கீறியதும் உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது, பாதி இழைகள் அறுந்திருந்தன. புது வயர் போட்டு, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தார். எல்லாம் சேர்த்து 600 ரூபாய். சாவியைத் திருப்பியதும் பட்டென்று பிடித்தது.

மீட்டர் இல்லாவிட்டாலும் ஒரு ஜம்பர் கேபிள் (இரண்டு முனையிலும் கிளிப் உள்ள தடித்த வயர்) போதும். ஒரு கிளிப்பைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றைப் பெல்ட், ஃபேன் பக்கம் போகாமல் எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் மாட்டிச் செல்ஃப் அடியுங்கள். வேகமாகச் சுற்றினால் எர்த் வயர்தான் பிரச்சினை. எந்த ஒர்க்‌ஷாப்பாக இருந்தாலும், பார்ட் மாற்றும் முன் செல்ஃப் அடிக்கும்போது எத்தனை வோல்ட் என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். கழற்றியதை டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். நான் இரண்டையும் முதலிலேயே கேட்காமல் விட்டதில் 14,600 ரூபாய் போனது.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பேட்டரியும் வீக்காதான் இருந்துச்சு" என்றார்கள். எத்தனை வோல்ட் இருந்தது என்று கேட்டால் பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். இரண்டு பில்லும், பழைய பேட்டரியின் வாரண்டி அட்டையும், அந்த எர்த் வயரும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.