தகவல் கோரும் உரிமை: வன்னியில் அது ஒரு சேவையாக எப்படி இயங்குகிறது?

இலங்கை அரசியலமைப்பு தரும் பரிகாரங்களில் பெரும்பாலானவை வன்னியில் இருப்பவருக்கு எட்டாத் தொலைவில் உள்ளன. 126ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். சட்டத்தரணியின் கட்டணத்தையும் பயணச் செலவையும் கணக்குப் பார்க்கும் மாங்குளத்து விவசாயி ஒருவருக்கு அந்த மாதம் யோசனையிலேயே கழிந்துவிடும். 2015இல் 19ஆவது திருத்தம் சேர்த்த 14அ உறுப்புரையும், அதைச் செயற்படுத்தும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் தரும் சேவையோ உள்ளூர்ப் பிரதேச செயலகத்திலேயே தொடங்குகிறது.

விண்ணப்பிக்கும் முறைக்குத் தாராளமாக நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால் தகவல் அலுவலரே அதை எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் கேள்வியை அமைப்பதில்தான் பலன் தங்கியிருக்கிறது. ஊரவர்களுக்காக நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களில், “எங்கள் காணிக்குள் ஏன் எல்லைக்கல் நட்டீர்கள்?” என்று கேட்டவற்றுக்கு நழுவலான விளக்கங்களே வந்தன. அந்த எல்லைக்கு ஆதாரமான வர்த்தமானி அறிவித்தலின் பிரதி, நில அளவை வரைபடம், அனுமதிப்பத்திரப் பதிவேட்டின் உரிய பக்கம் என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்டபோது ஆவணம் வந்தது, அல்லது அப்படியொன்று இல்லை என்ற எழுத்துமூல ஒப்புதல் வந்தது. பின்னையது சில வேளைகளில் முன்னையதைவிடப் பெறுமதியானது.

காணி விடயத்தில் இந்தக் கடதாசிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அரச காணியிலிருந்து வெளியேறுமாறு விடுக்கப்படும் அறிவித்தலுக்கு எதிராக எழுத்தாணை (அரச அலுவலரின் முடிவை நீக்கவோ தடுக்கவோ நீதிமன்றம் இடும் கட்டளை) வழங்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை என 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாகாண சபைகளுக்கு 13ஆவது திருத்தம் தந்த காணி அதிகாரங்களை அது குறுக்கி வாசித்துவிட்டது என்பது என் கருத்து. எவ்வாறாயினும், அத்தகைய வழக்குக்கு வவுனியாவைக் கடந்து கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருக்கிறது. அந்தச் செலவுக்குத் துணிவதற்கு முன், எதிர்த்தரப்பின் கையில் என்ன இருக்கிறது என்று அறிவதற்கு இதைவிட மலிவான வழியை நான் காணவில்லை. தகவல் கிடைத்ததால் காணி கிடைத்துவிடும் என்று மட்டும் எவரும் எண்ணக்கூடாது.

குறைகளும் உண்டு. கொழும்பிலுள்ள தலைமை அலுவலகம் ஒன்றிலிருந்து மறுமொழி சிங்களத்தில் மட்டுமே வந்தது. வடக்கில் தமிழே நிர்வாக மொழி என்று கூறும் 22ஆம் உறுப்புரை, பிற பகுதிகளிலுள்ள அலுவலகங்களிடமிருந்தும் தமிழில் தொடர்பாடல் பெறும் உரிமையைத் தருகிறது. அதைச் சுட்டிக்காட்டி மீண்டும் எழுதிய பின்பே தமிழ்ப் பிரதி வந்து சேர்ந்தது. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும் என்ற விதியையும் சில அலுவலகங்கள் ஆலோசனையாகவே எடுத்துக்கொள்கின்றன.

சேவையின் பலவீனமான கட்டம், தகவல் மறுக்கப்பட்டபின் செய்யும் முதல் மேன்முறையீடு. அதைக் கேட்கும் அலுவலரும் தகவலை மறுத்த அதே அதிகாரசபையை, அதாவது அதே அரச நிறுவனத்தைச் சேர்ந்தவர். சொந்த அலுவலகத்தின் மறுப்பை அவர் எளிதில் மாற்றுவதில்லை. ஆயினும் அந்தப் படியைத் தாண்டாமல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போக முடியாது. அங்கே போன பின், மறுத்தது சரியென்று நிறுவும் பொறுப்பு அதிகாரசபையின் மேல் விழுகிறது. ஆகவே மறுப்புக் கிடைத்தால் 14 நாட்களுக்குள் முதல் மேன்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை விண்ணப்பத்தின் பிரதியுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.