லாரி மைலேஜ் குறைந்தால்: சென்சாரா, தெர்மோஸ்டாட்டா?

டீசல் லாரியில் மைலேஜ் குறைந்து, ஸ்கேனரில் (இன்ஜின் கணினியின் அளவுகளைக் காட்டும் கருவி) கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூடு எப்போதும் குறைவாகவே தெரிந்தால் சந்தேகம் இரண்டு பேர் மேல்தான். கூலன்ட் சூட்டை அளந்து கணினிக்குச் சொல்லும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் ஒன்று, இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் அடைக்கும் வால்வான தெர்மோஸ்டாட் இன்னொன்று.

சென்சார் பழுதானால் இன்ஜின் சூடாகத்தான் இருக்கும், கணினிக்கு மட்டும் குளிர்ந்ததாகத் தெரியும். அதனால் டீசல் கூடுதலாகப் போகலாம். ராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் ஸ்கேனரில் கூலன்ட் சூட்டையும் இன்ஜினுக்கு உள்ளே போகும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் சென்சார் பக்கம் கோளாறு. மைனஸ் 40 டிகிரி காட்டினால் பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கும், இல்லை கனெக்டர் கழன்றிருக்கும். புதிது வாங்குமுன் அதைப் பார்த்துவிடுங்கள், வீண் செலவு மிச்சம்.

தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கினால் இன்ஜின் உண்மையிலேயே சூடேறாது. ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டர் மேல் ஹோஸ் வெதுவெதுப்பாகும். ஏற்றத்தில் ஏறும் சூடு, சமதளத்தில் ஓடும்போது இறங்கிவிடும்.

என் கருத்தில் முதலில் காலைச் சோதனைதான். அதற்கு எதையும் கழற்ற வேண்டாம். அளவுகள் ஒத்துப்போனால் அப்புறம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாம்.