மெய்வடக்கு காண: சூரியனா, துருவ நட்சத்திரமா?

காந்த ஊசி காட்டும் வடக்கு இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். மெய்வடக்கு என்பது புவியின் வட துருவத்தை நோக்கிய திசை. அதை வைத்து எல்லைக்கோட்டின் திசையை உறுதியாகச் சொல்ல, நில அளவையாளர் கோணம் அளக்கும் தொலைநோக்கிக் கருவியான தியோடலைட்டை வானத்தை நோக்கித் திருப்புகிறார்.

சூரியனின் பெரிய வசதி, வேலை நேரத்திலேயே கிடைப்பது. தொல்லைகளும் உண்டு. அதன் வட்டம் ஏறக்குறைய அரைப் பாகை அகலம். நடுவைக் குறிவைக்க முடியாது. எனவே விளிம்பைத் தொட்டு அளந்து, அரைவிட்டத் திருத்தம் சேர்க்க வேண்டும். வேகம் இன்னொரு சிக்கல்: கடிகாரத்தில் ஒரு விநாடி பிழை என்றால் மணிக்கோணத்தில் (உச்சி நடுக்கோட்டிலிருந்து சூரியன் நகர்ந்த கோணம்) 15 வில்விநாடி பிழை; ஒரு பாகையில் 3,600 வில்விநாடி. கடிகாரத்தை நம்பாமல் சூரியனின் உயரத்தை அளந்தும் கணக்கிடலாம். ஆனால் நண்பகலை ஒட்டி அம்முறை தடுமாறும், அடிவானத்தருகே காற்று ஒளியை வளைக்கும் ஒளிவிலகல் ஏமாற்றும். தொலைநோக்கியின் முன்பக்கப் பொருள்வில்லைக்கு முன் வடிகட்டி இல்லாமல் பார்த்தால் கண்ணே போய்விடும். இதில் சமரசமே கூடாது.

துருவ நட்சத்திரம் ஒரு புள்ளி, அதுவும் சோம்பேறிப் புள்ளி. வானம் சுழல்வதாகத் தோன்றும் மையமான வான் துருவத்திலிருந்து முக்கால் பாகைக்கும் குறைவான தொலைவில் சுற்றுகிறது. கிழக்கிலோ மேற்கிலோ அதிகபட்சம் விலகி நிற்கும் வேளையில், நேரம் சில நிமிடங்கள் பிசகினாலும் திசைக்கோணம் (வடக்கிலிருந்து கிடையாக அளக்கும் கோணம்) அசைவதே இல்லை எனலாம். துல்லியம் முக்கியம் என்றால் என் தேர்வு இதுதான். இரவில், தரையில் குறிபார்க்கும் குறியிலக்குக்கு விளக்கு வைக்க வேண்டும், அவ்வளவே.

நிலநடுக்கோட்டை நெருங்கும்போது அது அடிவான மங்கலில் மூழ்கிவிடும். தெற்கே தெரியவே தெரியாது. அங்கே சூரியனையோ வேறு விண்மீனையோதான் நாட வேண்டும்.